மேற்கே சூலம்

பீரோவின் கீழ்த்தட்டில் புது வேட்டி இருக்கிறது, எடுத்து வா என்று யாரோ சொன்னார்கள். சந்தியா எழுந்து, பந்தலுக்குக் கீழே பெஞ்சில் கிடத்தியிருந்த நைனாவின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

“சந்தியா! நில்லுடி அங்கயே!”

அதுவரை தலைமாட்டில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவிழ்ந்த முடியை அள்ளி முடியக்கூடத் தோன்றாமல் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“உள்ள போவாத. கால எடு. வெங்கடம்மா, நீ போய் எடுத்தாம்மா.”

ஒப்பாரி சட்டென்று நின்றது. செத்துக் கிடப்பவன் பெற்ற பெண்ணை அவன் வீட்டுக்குள்ளேயே போகாதே என்று தாய்க்காரி தடுத்தால் கூட்டம் வேறு எதைப் பார்க்கும்? எல்லாரும் சந்தியாவையே பார்த்தார்கள். அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு வெங்கடம்மா அவளை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து போனாள்.

“பரஸ்தானம் வச்சிகீது இல்ல, அதான்” என்று அத்தை செல்லியம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் நைனாவின் தங்கை. அண்ணனுக்காக அழுதழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

விஷயம் இதுதான். சந்தியாவின் பெட்டி நேற்றுக் காலையே இந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. தெருக்கோடியில் அத்தை வீட்டில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெட்டியோடு சந்தியாவும் போய்விட்டாள். தூரப் பயணம் போகிறவர்களுக்கு வண்டி ஏறும் நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வேறு ஒரு வீட்டில் போய் இருந்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கெட்ட நாளில் வண்டி ஏறினாலும் தோஷம் ஒட்டாது. ஆனால் புறப்பட்டவர்கள் திரும்ப அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்கள் ஊர் போய் இறங்கும்வரை அவர்கள் இருந்த இடத்தைப் பெருக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. இதற்குத்தான் பரஸ்தானம் என்று பெயர்.

அந்தப் பெயரையே சந்தியா முதன்முதலாகக் கேட்டது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். விதை வாங்கப் போகிறேன் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு நகரிக்குப் போயிருந்த நைனா ரங்கையா, விதை இல்லாமல் கையில் ஒரு பஞ்சாங்கத்தோடு திரும்பி வந்தார். கூடத்துத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளிடம், வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

“வெள்ளிக்கெழம மேற்கே சூலம். ஆப்பிரிக்கா மேற்கதான கீது?”

“தென்மேற்கு நைனா.”

“மேற்கு கீது இல்ல அதுல?”

“நான் இங்கேர்ந்து கெளம்பறது வியாழக்கெழமதான். ஏரோப்ளேன்தான் வெள்ளிக்கெழம.”

“வியாழக்கெழம தெற்கே சூலம். மெட்ராஸ் தெற்க.”

“தென்கெழக்கு.”

“தெற்கு கீது இல்ல அதுல?”

சந்தியா விழுந்து விழுந்து சிரித்தாள். புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாக சயின்ஸ் டீச்சர் அவள். காந்த ஊசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிள்ளைகளுக்குத் திசை காட்டியவள். எந்தத் திசையிலும் அவள் ஒரு சூலத்தைக் கண்டதில்லை. நைனாவும் அதுவரை கண்டதில்லை. வேர்க்கடலை விதைக்கக்கூட மழையைப் பார்ப்பாரே தவிர நாள் பார்க்க மாட்டார்.

“எப்போலேர்ந்து நைனா பஞ்சாங்கம் பாக்கற?”

அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெரிய ஊட்டு நாராயணசாமி கீறாரே, அவங்க அப்பா காசிக்குப் போனாரு. எனக்கு அப்போ மீசகூட மொளைக்கல. அவங்க மாட்டக் கட்டிகினு கெடந்தேன். பரஸ்தானம்னு சொல்லி அவங்க பொட்டிய என் தல மேல வச்சி பக்கத்துத் தெருவுக்கு அனுப்புனாங்க. இன்னொருத்தர் பொட்டிய நான் தூக்குனேன் இல்ல? இப்போ என் பொண்ணு பொட்டிய நான் தூக்குனா இன்னா?”

இதற்கு மேல் யாரால் சிரிக்க முடியும்? சரி என்று தலையாட்டினாள். ஒரு நாள் அத்தை வீட்டில் படுப்பதில் என்ன போய்விடும் என்று நினைத்தாள்.

அவள் போவது மலாவிக்கு. தில்லியில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்புகிறது. ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பார்கள், சம்பளம் கிடையாது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் அது குவைத்துக்குத்தான், அதுவும் வீட்டு வேலைக்குத்தான் என்று ஊருக்குத் தெரியும். சம்பளமே இல்லாமல் ஒருத்தி ஏரோப்ளேன் ஏறுவது ஊருக்குப் புரியவில்லை. டீக்கடை பாலையா நேராகவே கேட்டுவிட்டார், “ஏம்ப்பா, நம்ம ஊரு எலிமெண்ட்ரி ஸ்கூல்லயே ரெண்டு டீச்சரு கொற. ஓசில சொல்லிக்குடுக்க அவ்ளோ தூரம் போவணுமா?”

அதற்கு நைனா சொன்ன பதிலை ஊர் ஒரு வாரம் பேசியது. “எங்க தாத்தா கைய நீட்டி வாங்குனாரு. எங்க நைனா வாங்குனாரு. கவர்மெண்டு குடுத்த நெலத்த நான் வாங்குனேன். எங்க வம்சத்துல குடுக்கப் போறது இவ ஒருத்திதான். குறுக்க பேசாத.”

சந்தியாவுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. சேவை, கொடுப்பது என்பதெல்லாம் அவள் இன்டர்வியூவில் சொன்னவை. நிஜத்தில் அவளுக்கு இங்கிருந்து போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தேடித் தேடிச் சலித்த இந்த வீட்டிலிருந்து, “இன்னும் ஒண்ணும் அமையலியா” என்று விசாரிக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து, ஒரே பாடத்தை ஒரே ஜோக்கோடு பத்து வருஷமாகச் சொல்லும் வகுப்பிலிருந்து. அந்த மலாவிப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் நாற்காலி ரொம்ப நாளாகக் காலி என்று படித்தபோது, அது தனக்காகவே காத்துக் கிடப்பதுபோல் தோன்றியது. ஆசைதான். நைனா அதைத் தானம் என்று நினைத்துக்கொண்டார், அவளும் திருத்தவில்லை.

புதன்கிழமை காலையில் பெட்டியை அவரேதான் தூக்கினார். சக்கரம் இருக்கிறது, இழுத்துக்கொண்டு போகலாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். “இழுத்துகினு போவ இது இன்னா கன்னுக்குட்டியா?” என்று துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார். புறப்படும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்து அம்மாவுக்கு உத்தரவு போட்டார், “அவ பொட்டி வச்சிருந்த எடத்துல தொடப்பம் படக் கூடாது, சொல்ட்டேன்.” பாதித் தெருவில் குழாயடிக்கு வந்ததும் கரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி தலையிலேயே இருந்தது. “இன்னா நைனா?” என்றாள். “ஒண்ணும் இல்ல. செருப்புல கல்லு” என்றார். அவர் காலில் அன்றைக்குச் செருப்பே இல்லை. அதை அவள் நேற்றே பார்த்தாள். இன்றைக்குத்தான் அது மனதில் குத்தியது.

குத்துவதற்கு அது ஒன்றுதானா இருந்தது?

நேற்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மா அத்தை வீட்டுக்கு வேகவேகமாக வந்தாள். “நெஞ்சு கரிக்குதுன்றாரு. கேஸ் மாத்தர எதுனா வச்சிகிறியா?” என்று கேட்டாள். பெட்டியின் மேல்பையிலேயே மாத்திரைகள் இருந்தன. சந்தியா ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு நடந்தாள். வாசற்படிக்கு வந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உள்ள வராத. அங்கயே நில்லு.”

நின்றாள். நைனா கூடத்தில் பாய்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை இடது தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. சட்டை இல்லாத மார்பில் வேர்வை மணிமணியாக நின்றது.

“வேர்க்குதே நைனா.”

“கரண்டு இல்ல, வேர்க்காம இன்னா பண்ணும்?”

அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பத்தாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் அவள் கரும்பலகையில் இதயத்தை வரைந்து நாலு அறைகளுக்கும் நிறம் தீட்டுவாள். வலி எங்கே தொடங்கும், எந்தத் தோள் வழியாக எந்தக் கையில் இறங்கும், ஏன் குப்பென்று வேர்க்கும் என்று விளக்குவாள். வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் நூற்றியெட்டு வண்டிக்குப் போன் போடுங்கள் என்று சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவும் வைப்பாள். படியில் நின்றபடி அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தோள், கை, வேர்வை, ஃபேன். நைனாவும் அவளைப் பார்த்தார்.

இன்னும் ஒரு வார்த்தை பேசினால் போதும், வண்டி வந்துவிடும். திருப்பதிக்குப் போக வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஏரோப்ளேன் அவள் இல்லாமல் போகும். அந்த நாற்காலி வேறு யாருக்கோ போகும். அவளுக்கு இந்த ஊரும் இந்தக் கூடமும் அந்த பஸ் ஸ்டாண்டும் மிஞ்சும். மாத்திரைப் பட்டை அவள் கையிலிருந்து அம்மா கைக்கு மாறுவதற்குள் இத்தனையும் மனதுக்குள் ஓடி முடிந்துவிட்டது. பரஸ்தானம் வைத்துவிட்டுப் படி தாண்டக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூலத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள், அந்த நேரத்தில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“காலைல டாக்டர் கிட்ட போ நைனா.”

“போறேன், போறேன். நீ போய் துன்னுட்டு படு.”

போனாள். புறப்பட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இன்னொரு சாத்திரம் இருக்கிறது. அதுவும் வசதியாகத்தான் இருந்தது. அத்தை வீட்டில் சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கவும் செய்தாள். பொழுது விடிவதற்குள் வெங்கடம்மா வந்து கதவைத் தட்டினாள்.

தம்பி சிரஞ்சீவி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் வண்டியில் வந்து சேர்ந்தான். நைனாவின் கால்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதான். பிறகு எழுந்து பாடைக்கு மூங்கில், பூ, மேளம் என்று வேலைகளைப் பார்த்தான். உச்சிவெயிலில் அக்காவைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

“அக்கா, மெட்ராஸ் போற காரு ஆறு மணிக்கு வருது. டிரைவர் கிட்ட நான் வாணாம்னு சொல்லல.”

“எப்டிடா போறது?”

“அம்மாதான் சொல்ல வாணாம்னுச்சு. காரியம் வரிக்கும் நான் இங்கதான் கீறேன். லீவு சொல்ட்டேன். நீ தில்லிக்காரங்கள கேட்டியா?”

கேட்டிருந்தாள். விடிந்ததும் விடியாததுமாகக் கேட்டிருந்தாள். அந்த அதிகாரி போனில் ரொம்ப வருத்தப்பட்டார். நீங்கள் வராவிட்டால் நாங்கள் புரிந்துகொள்வோம், ஆனால் பள்ளிக்கூடம் காத்திருக்காது, அடுத்த வருஷம் வேறு எங்காவது பார்க்கலாம் என்றார். அவரைக் கேட்டதில் தவறில்லை. ஆனால் நைனாவின் முகத்தைப் பார்த்து அழுவதற்கு முன்னால் அவள் செய்த காரியம் அந்தப் போன்தான். இதை யாரிடம் சொல்வது? தம்பியிடம் தலையை மட்டும் ஆட்டினாள்.

பாலையா டீக்கடையைச் சாத்திவிட்டு வந்து பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். “சாவு எப்டி வந்துச்சு பாத்தியா டீச்சரம்மா! நேத்து காலைல உன் பொட்டிய தூக்கிகினு ராஜா மாதிரி என் கடைய தாண்டி போனான். ‘எங்கடா’ன்னேன். ‘ஆப்பிரிக்காவுக்கு’ன்னான்.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தியாவால் அங்கே நிற்க முடியவில்லை.

குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டினார்கள். வாய்க்கரிசி போட மகளைக் கூப்பிட்டார்கள். அரிசியைப் போடும்போது அவள் கண் நைனாவின் இடது கைக்குத்தான் போனது. விரல்கள் லேசாக மடங்கி, எதையோ பிடித்து விட்டது மாதிரி இருந்தன. ஒரு தடவை தொட்டாள். நேற்றே தொட்டிருந்தால் அது சூடாக இருந்திருக்கும். இந்த நினைப்பு வந்ததும் வாய்விட்டு அலறினாள். அப்பன்மேல் எவ்வளவு பாசம் பார் என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். அவர்கள் அப்படி நினைத்தது அவளுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

மேளம் தெருவைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் குழாயடிவரை கூடப் போய்விட்டுத் திரும்பினார்கள். பிணம் எடுத்த வீட்டை உடனே கழுவிவிட வேண்டும். வெங்கடம்மாவும் இன்னும் இரண்டு பேரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வேலை சந்தியாவுக்கு. பக்கவாட்டில் இருந்த அடிபம்பில் அவள் அடிக்க, அம்மா குடத்தைப் பிடித்தாள். நீ உட்காரு என்று யார் சொன்னாலும் அம்மா கேட்கவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும் அவளுக்கு.

முதல் குடம் நிறைந்தது. இரண்டாவதை வைக்கும்போது சந்தியா பம்பின் கைப்பிடியை விட்டாள்.

“அம்மா. நேத்து சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சிது.”

அம்மா நிமிரவில்லை.

“கேஸ் இல்லம்மா அது. பாத்ததுமே தெரிஞ்சிது. தெரிஞ்சிதான் மாத்தரைய குடுத்துட்டு வந்துட்டேன். உள்ள வந்தா பயணம் நின்னுடும்னு வந்துட்டேன்.”

“அடி, தண்ணி நிக்குது பாரு” என்றாள் அம்மா. சந்தியா அடித்தாள். குடம் பாதி நிறைந்தது. பிறகு அம்மா குடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நகரிக்கு வெத வாங்கவா போனோம்? கடலச்செடி புடுங்கறப்பவே நெஞ்சப் புடிச்சிகினு ஒக்காந்துட்டாரு. நகரில நெஞ்சுக்குப் படம் எடுத்தாங்க. இப்பவே திருப்பதிக்கு இட்டுகினு போங்கன்னாரு டாக்டரு. வெள்ளிக்கெழம போறேன்னு சொல்ட்டு எழுந்து வந்துட்டாரு.”

“எனக்கு ஏம்மா சொல்லல?”

“சத்தியம் வாங்கிகினாரு. பஸ்ல வரச்சவே சொன்னாரு, ‘அவ டீச்சரு, ஊட்ல இருந்தா மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா, அவள ஊட்ட வுட்டு அனுப்பணும்’னு. அப்பாலதான் எறங்கி பஞ்சாங்கம் வாங்குனாரு. சூலம், பரஸ்தானம் எல்லாம் அப்பாலதான்.” அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “எனக்கு மனசு கேக்கல. அதான் கேஸ் மாத்தரன்னு சொல்லி உன்ன இட்டாந்தேன். நீ பாத்தாவது எதுனா சொல்லுவன்னு நெனச்சேன்.”

சந்தியாவின் கை பம்பிலேயே இருந்தது. அம்மா அவளைத்தான் கூப்பிட வந்திருக்கிறாள். மாத்திரைக்காக வரவில்லை.

“நான் எதுவும் சொல்லலியே” என்றாள்.

“இல்ல. சொல்லல.”

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நெல்லில் கல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, மகளின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“நீ பாத்தத அவுரும் பாத்தாருடி. நீ திரும்பி நடந்த இல்ல, செவுத்துல சாஞ்சிகினு பாத்துகினே இருந்தாரு. தெரு லைட்ட நீ தாண்டற வரிக்கும் பாத்தாரு. அப்பால, ‘நல்ல வேள ரத்னா, போய்ட்டா’ன்னாரு.”

கையை ஓங்கி அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவள் தப்பித்துப் போனதைப் பார்த்து அந்த மனுஷன் நிம்மதிப்பட்டிருக்கிறார். அவள் சரியாகத் தப்பிக்க வேண்டுமே என்று அந்த வலியோடு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இதற்கு அழக்கூட அவளுக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. குனிந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நான் போவலம்மா.”

“போவாம?”

“உன்கூட இருக்கேன்.”

“அப்போ அவுரு எதுக்குடி செத்தாரு?” என்றாள் அம்மா. மற்ற குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வீட்டுக்குள் போனாள்.

வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று சந்தியா குடத்தை நீட்டினாள். நேற்று மாத்திரையோடு நின்ற அதே இடம். உள்ளேயிருந்து வெங்கடம்மா வாங்கிக் கூடத்தில் வீசி ஊற்றினாள். தண்ணீர் சுவரில் மோதித் திரும்பி, நைனாவின் பாய் கிடந்த இடத்தைத் தாண்டி, பூவிதழும் அரிசியும் மண்ணுமாக வாசலுக்கு ஓடிவந்தது. படியில் வழிந்து அவள் கால்களை நனைத்தது. அவள் நகரவில்லை.

“அந்தாண்ட ஊத்தாத வெங்கடம்மா.” உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“பொணம் எடுத்த ஊடுக்கா. முழுசா கழுவணும்.”

“அங்க மட்டும் வாணாம்.”

“ஊர்ல கேட்டா தப்பா பேசுவாங்கக்கா.”

“வாணாம்னா வாணாம்.”

தெருக்கோடியில், அத்தை வீட்டுப் பக்கம், கார் ஒன்று வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது. சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்த சிரஞ்சீவி, டிரைவரிடம் இருக்கச் சொல்லி சைகை காட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனான். சந்தியா காலியான குடத்தை வாங்கிக்கொண்டு படிக்கு இப்பாலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

அம்மா கூடத்து மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். நைனாவின் துண்டு, நேற்று சும்மாடு கட்டிய அதே துண்டு, அவள் கையில் இருந்தது. அதை முறுக்கி, கடலைப் பாத்திக்கு வரப்பு போடுகிற மாதிரி, தரையில் வளைத்துப் போட்டு ஓரங்களை விரலால் அழுத்தினாள். தண்ணீர் அதுவரை வந்து, துண்டில் மோதி, திரும்பிப் போனது. துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துணுக்குச் சணல் கயிறும், கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் உறையும், உடைந்த சாக்பீஸ் ஒன்றும் செவ்வாய்க்கிழமை கிடந்தபடியே கிடந்தன. வீடு முழுக்க ஈரமாக இருந்தது. அங்கே மட்டும், ஒரு பெட்டி அகலத்துக்கு, தரை காய்ந்திருந்தது.